ஓட்டைத் தொட்டிக்குப் புது மோட்டார்

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் அடியில் விரிசல் விட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மட்டம் குறைந்தால் தானாக ஓடும்படி மோட்டாருக்கு சென்சார் போட்டிருக்கிறது. தொட்டி வடிகிறது, மோட்டார் ஓடுகிறது. மறுபடி வடிகிறது, மறுபடி ஓடுகிறது. சில மாதத்தில் காயில் எரிந்து நின்றுவிடுகிறது. வந்து பார்ப்பவர் பழைய மோட்டாரைக் கழற்றிப் புதிதாக ஒன்றை மாட்டிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போனால், அதை ரிப்பேர் என்று நாம் ஒப்புக்கொள்வோமா? தொட்டியை ஏன் பார்க்கவில்லை என்று சண்டைக்குப் போவோம். ஏர் சஸ்பென்ஷன் உள்ள கார் என்று வந்தால் மட்டும் அந்தக் கேள்வி நம் வாயில் வருவதில்லை. கார் ஒரு பக்கம் இறங்கி நிற்கிறது, டேஷ்போர்டில் விளக்கு எரிகிறது, ஸ்கேனர் மாட்டுகிறார்கள், “கம்ப்ரஸர் போச்சு சார்” என்கிறார்கள், நாமும் பணத்தைப் புரட்டிக் கொடுத்துவிடுகிறோம். இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஏர் சஸ்பென்ஷன் கம்ப்ரஸரைப் பெரும்பாலும் கெடுப்பது வேறெங்கோ இருக்கும் கசிவு. அதைக் கண்டுபிடித்து அடைக்காமல் கம்ப்ரஸரில் கை வைக்கக் கூடாது. கை வைத்தாலும், மாற்றுவதா சரிசெய்வதா என்பதைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் முடிவுசெய்ய வேண்டும்.

முதலில் இந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். சாதாரணக் காரில் வண்டியின் எடையைத் தாங்குவது இரும்புச் சுருள் வில். ஏர் சஸ்பென்ஷனில் அந்த இடத்தில் ரப்பர் காற்றுப்பை இருக்கும். பட்டறைகளில் இதை பெல்லோ என்றோ பலூன் என்றோ சொல்வார்கள். ஒவ்வொரு மூலையிலும் உயரத்தை அளக்கும் சென்சார் ஒன்று இருக்கிறது. அது சொல்லும் அளவைப் பார்த்து ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி, எந்தப் பைக்குக் காற்று ஏற்ற வேண்டும், எதிலிருந்து இறக்க வேண்டும் என்று வால்வு பிளாக்குக்கு உத்தரவு போடுகிறது. காற்றைத் தருவது வண்டியின் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் சின்ன மின்சார கம்ப்ரஸர். அநேகமாக ஒரே ஒரு பிஸ்டன்தான். அதோடு ஒட்டியே டிரையர் என்ற குப்பி, அதனுள் ஈரத்தை உறிஞ்சும் மணிகள். சில வண்டிகளில் காற்றைச் சேர்த்து வைக்கத் தனியாக ஒரு டேங்க்கும் உண்டு. 1998-இல் வந்த மெர்சிடிஸ் எஸ் கிளாஸ், 2004-இல் வந்த லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3, ஆடி க்யூ7 என்று வரிசையாகப் பல வண்டிகளில் இந்த ஏற்பாடு வந்தது. புதிதாக வாங்கியவர்கள் ஓட்டி முடித்து, இப்போது அந்த வண்டிகள் செகண்ட் ஹேண்டில் நம் ஊர்ச் சாலைகளுக்கு வந்திருக்கின்றன. பழைய ரப்பர், பழைய குழாய், பழைய கம்ப்ரஸர் மூன்றும் சேர்ந்தேதான் கைமாறுகின்றன. ஆகவே இந்தக் கேள்வி இப்போது பணக்காரர்களுக்கு மட்டுமானது இல்லை. எட்டு லட்சத்துக்கு ஒரு பழைய சொகுசுக் காரை ஆசைப்பட்டு வாங்கியவரின் கேள்வியும் இதுதான்.

இந்த கம்ப்ரஸரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம், இது நாள் முழுக்க ஓடுவதற்காகச் செய்யப்பட்டது இல்லை. பஞ்சர் கடையில் இருக்கும் கம்ப்ரஸருக்கு எண்ணெய் உண்டு, பெரிய உடம்பு உண்டு, சூடு ஆற நேரமும் உண்டு. இதற்கு எண்ணெயே கிடையாது. காற்றில் எண்ணெய் கலந்தால் டிரையர் மணிகள் பாழாகும், வால்வுகள் பிசுபிசுக்கும் என்பதால் வேண்டுமென்றே உலர்ந்த நிலையில் ஓடும்படி செய்திருக்கிறார்கள். பிஸ்டனைச் சுற்றி இருப்பது இரும்பு ரிங் இல்லை, டெஃப்லான் வகை ரிங். அது சிலிண்டரின் உட்சுவரான லைனரில் உரசி உரசி, ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் தேயும். தேய்வதுதான் அதன் விதி. எவ்வளவு சீக்கிரம் தேயும் என்பது மட்டும் ஓட்ட நேரத்தைப் பொறுத்தது. ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். நல்ல நிலையில் உள்ள வண்டியில் ஒரு நாளைக்கு கம்ப்ரஸர் மொத்தம் இரண்டு நிமிடம் ஓடுகிறது என்று வையுங்கள். ஒரு பையில் ஊசிமுனை அளவு கசிவு வந்து, அது இருபது நிமிடமாகிறது. பத்து வருடம் வரவேண்டிய ரிங் ஒரே வருடத்தில் தேய்ந்துவிடும். ரிங் தேய்ந்தால் அழுத்தம் மெதுவாக ஏறும். மெதுவாக ஏறுவதால் இன்னும் அதிக நேரம் ஓட வேண்டும். ஓடினால் இன்னும் தேயும். கசிவு ஒரு முறை தள்ளிவிட்டால் போதும், மீதியைத் தேய்மானமே பார்த்துக்கொள்ளும்.

தேய்மானத்தைவிட வேகமாக வேலையைக் காட்டுவது சூடு. சைக்கிள் பம்பில் காற்றடித்தவர்களுக்குத் தெரியும், பம்பின் அடிப்பக்கம் கொதிக்கும். காற்றை அமுக்கினால் சூடாகும். 30 டிகிரி காற்றைப் பத்து மடங்கு அழுத்தத்துக்கு, சூடு எங்கும் போகவிடாமல் அமுக்கினால், அது 300 டிகிரியைத் தொடும் என்பது இயற்பியல் கணக்கு. நிஜத்தில் அலுமினிய உடம்பு சூட்டை வெளியே கடத்திவிடுவதால் அவ்வளவு ஏறாது. ஆனால் அப்படிக் கடத்துவதற்கு நேரம் வேண்டும். ஓரிரு நிமிடம் ஓடி, பிறகு வெகுநேரம் ஓய்வெடுப்பதாக இருந்தால் சரி. கசியும் வண்டியில் அந்த ஓய்வு கிடைப்பதில்லை. கட்டுப்பாட்டுப் பெட்டி இதைக் கவனிக்கிறது. சூடு எல்லையை நெருங்கினால் கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு விளக்கைப் போடுகிறது. “காலையில் ஏறவே இல்லை, மத்தியானம் தானாகச் சரியாகிவிட்டது” என்று சொல்கிறார்களே, அந்தப் புதிருக்கு விடை பல நேரம் இதுதான். செத்துப்போன மோட்டார் மத்தியானம் உயிர்த்தெழாது. சூட்டில் நிறுத்தி வைக்கப்பட்ட மோட்டார்தான் ஆறிய பிறகு ஓடும். அந்த அறிகுறியே, யாரோ அதை அளவுக்கு மீறி ஓட வைக்கிறார்கள் என்று நமக்குச் சொல்கிறது.

மூன்றாவது காரணம் ஈரம். இதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை, ஆனால் கடலோரத்தில் இருக்கும் நாம் இதைத்தான் அதிகம் யோசிக்க வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில், 75 சதவீத ஈரப்பதத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 23 கிராம் தண்ணீர் ஆவியாகக் கரைந்திருக்கும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ இது ஆச்சரியமான ஈரப்பதம் இல்லை. அந்தக் காற்றைப் பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் அமுக்கி, பழைய சூட்டுக்கே ஆற விட்டால் அதனால் 3 கிராமைத்தான் ஆவியாக வைத்துக்கொள்ள முடியும். மீதி 20 கிராம் தண்ணீராகச் சொட்டும். இந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளத்தான் டிரையர். அதற்குள் இருப்பது கொஞ்சம் மணிகள்தான். அவை நிரம்பிவிட்டால் என்ன செய்வது? இங்கேதான் வடிவமைத்தவர்களின் புத்திசாலித்தனம் இருக்கிறது. வண்டியை இறக்கும்போது பையிலிருந்து வெளியேறும் உலர்ந்த காற்று, வந்த வழியே டிரையர் வழியாகத் திரும்பிப் போகிறது. போகும்போது மணிகளில் தங்கிய ஈரத்தை உறிஞ்சி வெளியே எடுத்துப் போய்விடுகிறது. ஏறும் காற்று ஈரத்தை விட்டுச் செல்கிறது, இறங்கும் காற்று அதை அள்ளிச் செல்கிறது. வரவும் செலவும் நேராகிவிடுகிறது.

இப்போது கசியும் பையை நினைத்துப் பாருங்கள். காற்று டிரையர் வழியாக உள்ளே வருகிறது. ஆனால் வெளியேறுவது பையின் மடிப்பில் இருக்கும் வெடிப்பு வழியாக. மணிகளில் ஈரத்தை விட்டுவிட்ட காற்று, அதை எடுத்துப்போகத் திரும்பி வருவதே இல்லை. ஒவ்வொரு நாளும் வரவு மட்டும்தான், செலவு கிடையாது. ஒரு பைக்கு 4 லிட்டர் கொள்ளளவு, உள்ளே வெளிக்காற்றைப் போல எட்டு மடங்கு அழுத்தம் என்று கணக்குப் போட்டால், நான்கு பைகளையும் ஒரு முறை முழுக்க ஏற்றுவதற்கு சுமார் 130 லிட்டர் வெளிக்காற்று தேவை. நம் கடலோரக் காற்றில் அது சுமார் மூன்று கிராம் தண்ணீர். ஒரு நாளைக்கு மூன்று கிராம் ஒன்றுமில்லை என்று தோன்றும். இரவில் இறங்கிக் காலையில் ஏறும் வண்டியில் ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். மணிகள் நனைந்து, நொறுங்கி மாவாகிவிடும். ஈரமும் மாவும் வால்வு பிளாக்குக்குள் போய், அது சரியாக மூடாமல் புதுக் கசிவைத் தொடங்கும். கம்ப்ரஸரின் உள்ளேயும் துரு ஏறும். ஆக, கசிவு கம்ப்ரஸரை ஓட ஓட விரட்டுவதோடு நிற்பதில்லை; அதன் பாதுகாப்பையும் சேர்த்துப் பறித்துவிடுகிறது. கசிவை விட்டுவிட்டுப் புது கம்ப்ரஸர் போட்டால் அந்தப் புதியதற்கும் நாள் குறித்தாகிவிட்டது என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இது புதுப் பிரச்சினையும் இல்லை. 1957-இல் அமெரிக்காவில் கேடிலாக் நிறுவனம் எல்டொராடோ பிரோம் என்ற மிக விலையுயர்ந்த காரை நான்கு மூலையிலும் காற்றுப்பையோடு கொண்டுவந்தது. அடுத்த வருடமே ஜெனரல் மோட்டார்ஸின் வேறு கார்களிலும் ஏர் சஸ்பென்ஷனை விரும்புவோர் வாங்கிக்கொள்ளலாம் என்று தந்தார்கள். சவாரி மெத்தை மாதிரி இருந்தது. ஆனால் இணைப்புகளில் காற்று கசிந்தது. அந்த கார்களை வாங்கிய பலர் கடைசியில் காற்றுப்பையைத் தூக்கிப்போட்டுவிட்டுச் சுருள் வில்லுக்கு மாறினார்கள். அந்த ஏற்பாட்டை வீழ்த்தியது காற்றை உண்டாக்குவதில் இருந்த சிரமத்தைவிடக் காற்றைப் பிடித்து வைப்பதில் இருந்த சிரமம்தான். அறுபது எழுபது வருடத்தில் ரப்பரும் சீலும் சென்சாரும் எவ்வளவோ முன்னேறியிருக்கின்றன. ஆனால் அமைப்பின் பலவீனமான இடம் அன்று எங்கே இருந்ததோ இன்றும் அங்கேதான் இருக்கிறது.

ஸ்கேனர் காட்டியதே, அது பொய் சொல்லுமா என்று கேட்கலாம். ஸ்கேனர் பொய் சொல்வதில்லை. நாம்தான் அது சொன்னதைப் பாதியில் நிறுத்திப் படிக்கிறோம். டிஸ்கவரி 3 வண்டிகளில் அடிக்கடி வரும் ஒரு பிழைக் குறியீடு சி1ஏ20. அதன் பொருள், டேங்க்கை நிரப்பும்போது அழுத்தம் மிக மெதுவாக ஏறுகிறது என்பது. கம்ப்ரஸர் கெட்டுவிட்டது என்று அதில் எங்கேயும் எழுதியில்லை. அழுத்தம் மெதுவாக ஏறுவதற்கு ரிங் தேய்ந்திருக்கலாம். காற்று உள்ளே வரும் ஃபில்டர் தூசியில் அடைத்திருக்கலாம். டிரையர் மணிகள் கட்டியாகி வழியை மறித்திருக்கலாம். வோல்டேஜ் குறைந்து மோட்டார் மெதுவாகச் சுற்றலாம். ஏறும் வேகத்துக்குச் சமமாக இன்னொரு பக்கம் காற்று வெளியேறிக்கொண்டிருக்கலாம். ஐந்து சந்தேக நபர்களை ஸ்கேனர் நிறுத்திக் காட்டுகிறது. அதில் விலை அதிகமான ஒருவரைப் பிடித்துக்கொண்டு வழக்கை முடித்துவிடுகிறோம். காய்ச்சல் என்பது நோயின் பெயர் இல்லை என்று நமக்குத் தெரியும். பிழைக் குறியீடும் காய்ச்சல் போலத்தான்.

நம் லாரிப் பட்டறைக்காரர்களுக்கு இந்தப் பாடத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏர் பிரேக் வண்டியில் “ஏர் பிடிக்கல” என்று டிரைவர் வந்து நின்றால், அனுபவப்பட்ட மெக்கானிக் கம்ப்ரஸர் பக்கம் உடனே போவதில்லை. இன்ஜினை நிறுத்தச் சொல்வார். வண்டியைச் சுற்றி நடந்து, “உஸ்” என்ற சத்தம் எங்கே வருகிறது என்று காது கொடுப்பார். மீட்டரில் முள் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்ப்பார். பொறுப்பான டிரைவர் காற்று டேங்க்கின் அடிவால்வை இழுத்துத் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் வண்டி எடுப்பார். அமுக்கிய காற்றில் தண்ணீர் சேரும், காற்று இறங்கினால் முதலில் கசிவைத் தேடு: இந்த இரண்டு பாடமும் நெடுஞ்சாலை ஓரத்தில் பல வருடமாகப் புழங்கி வருகின்றன. அதே தத்துவத்தில் ஓடும் ஒரு சொகுசுக் கார் கண்ணாடிக் கதவு போட்ட சர்வீஸ் சென்டருக்குள் நுழைந்ததும் இந்த அறிவு வாசலிலேயே நின்றுவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சரி, கசிவை எப்படித் தேடுவது? இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஒரு டேப், ஒரு நோட்டு, ஒரு தெளிப்பான் பாட்டில், கொஞ்சம் சோப்பு போதும். சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே ஃபெண்டர் விளிம்பு வரை எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து நான்கு எண்களையும் எழுதுங்கள். காலையில் கதவைத் திறக்கும் முன் மறுபடி அளந்து பாருங்கள். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. சில வண்டிகளில், குறிப்பாக லேண்ட் ரோவரில், நிறுத்தி வைத்த பிறகும் கட்டுப்பாட்டுப் பெட்டி அவ்வப்போது விழித்து உயரத்தைப் பார்க்கும். ஒரு மூலை இறங்கியிருந்தால் வண்டி சாய்ந்து நிற்கக் கூடாது என்று மற்ற மூன்றையும் அதற்குச் சமமாக இறக்கிவிடும். காலையில் பார்த்தால் நான்கும் கீழே இருக்கும். எல்லாப் பையும் போய்விட்டது என்று பயந்துவிடுவோம். ஆகவே அந்த இரவு மட்டும் சஸ்பென்ஷன் கட்டுப்பாட்டுக்கான ஃபியூஸைக் கழற்றி வைத்துவிட்டு அளவெடுக்க வேண்டும். அப்போது குற்றம் செய்த மூலை மட்டும் தனியாக இறங்கித் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

மூலை தெரிந்துவிட்டால் சோப்புத் தண்ணீர். பையின் கீழ்ப்பக்கம் ரப்பர் மடிந்து உருளும் இடம், குழாய் பையில் நுழையும் பித்தளை இணைப்பு, வால்வு பிளாக்கின் இணைப்புகள், பாடியில் உரசிக்கொண்டு போகும் குழாய் என்று வரிசையாகத் தெளித்துக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் தெரியாது, சின்னக் கசிவில் நுரை பூப்பதற்குச் சில நிமிடம் பிடிக்கும். ரப்பரில் வெடிப்பு மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் என்பதால், ஒரு உயரத்தில் கசியாத பை இன்னொரு உயரத்தில் கசியும். வண்டியை உயர்த்தியும் பார்க்க வேண்டும், வழக்கமான உயரத்திலும் பார்க்க வேண்டும். காற்றை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் தலையை விடாதீர்கள். பை சட்டென்று இறங்கினால் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை மேலே வந்து உட்காரும். கட்டுப்பாட்டை ஜாக் நிலைக்கு மாற்றி, பாடிக்கு உறுதியான ஸ்டாண்ட் கொடுத்த பிறகுதான் அடியில் போக வேண்டும்.

கசிவே இல்லை என்று ஆனால், அடுத்து மின்சாரம். இந்த மோட்டார் ஓடும்போது பத்துக் கணக்கில் ஆம்பியர் இழுக்கும். 40 ஆம்பியர் ஃபியூஸ் சாதாரணம். அவ்வளவு மின்சாரம் போகும் வழியில் ஒரு எர்த் இணைப்பு துருப்பிடித்திருந்தால் மோட்டாருக்கு 12-க்குப் பதில் 10 வோல்ட்தான் போய்ச் சேரும். மோட்டார் ஓடாமல் இருக்கும்போது அளந்தால் 12 என்றே காட்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது, அதன் கனெக்டரிலேயே அளக்க வேண்டும். பிறகு, மோட்டாருக்கு மின்சாரத்தைப் போட்டு நிறுத்தும் ரிலே. சில நூறு ரூபாயோ ஓரிரு ஆயிரமோ போகும் இந்தச் சின்னப் பெட்டிதான் பல கம்ப்ரஸர்களின் கடைசி எமன். கசிவினால் அடிக்கடி போட்டு நிறுத்தி, அதன் முனைகள் கருகி, ஒரு நாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு சாவியை எடுத்தாலும் கம்ப்ரஸர் நிற்காது. ஃபியூஸோ பேட்டரியோ மோட்டாரோ, எது முதலில் போகிறதோ அதுவரை ஓடும். பழைய ரிலேயை வைத்துக்கொண்டு புது கம்ப்ரஸர் மாட்டுவது, கசிவை விட்டுவிட்டு மாட்டுவதைப் போலவே பெரிய தவறு.

இவை எல்லாம் சரியாக இருந்தும் அழுத்தம் ஏறவில்லை என்றால், அப்போதுதான் கம்ப்ரஸரைக் குற்றம் சொல்ல வேண்டும். அதையும் நிரூபிக்கலாம். வெளியேறும் குழாயைக் கழற்றி, அந்த இடத்தில் அழுத்த மீட்டரை மாட்டி, சில நொடி ஓட்டிப் பார்த்தால் போதும். மீட்டர் முள் தடுமாறாமல் ஏறினால் கம்ப்ரஸர் நிரபராதி. ஏறாவிட்டால் கழற்றிப் பிரிக்கலாம். உள்ளே பார்க்க வேண்டியவை மூன்று. ரிங் தேய்ந்து தட்டையாகி இருக்கிறதா? லைனரில் விரலை விட்டுத் தடவினால் கண்ணாடி போல வழுக்குகிறதா, கோடுகள் நகத்தில் சிக்குகின்றனவா? டிரையரைக் கவிழ்த்தால் மணிகள் உருண்டு விழுகின்றனவா, ஈரமாவாகக் கொட்டுகிறதா? லைனர் வழுவழுப்பாக இருந்து ரிங் மட்டும் தேய்ந்திருந்தால், ரிங்கும் ஓ-ரிங்குகளும் மணிகளும் மாற்றினால் கம்ப்ரஸர் மறுபடி உழைக்கும். புதியதன் விலையில் ஒரு சிறு பங்குதான் செலவு. பூட்டும்போது “கொஞ்சம் கிரீஸ் தடவிவிடு” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உலர்ந்து ஓடும் பிஸ்டனுக்கு எண்ணெய் மருந்தில்லை, விஷம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் நியாயமும் இருக்கிறது. அவற்றைத் தட்டிவிட்டுப் போகக் கூடாது. பட்டறைக்காரர்கள் சொல்வது முதலாவது: “ஒரு நாள் பூராவும் கசிவு தேடினால் அதற்கு யார் கூலி கொடுப்பது? புது பார்ட் போட்டால் கியாரண்டி இருக்கிறது, வேலையும் முடிந்தது.” உண்மைதான். நம் ஊரில் பொருளுக்குக் காசு கொடுக்கும் மனசு தேடிக் கண்டுபிடித்த உழைப்புக்குக் கொடுக்க வருவதில்லை. நாம் அப்படி இருப்பதால்தான் அவர்களும் பொருளை மாற்றுகிறார்கள். மாற வேண்டியது முதலில் நாம்: சோதனைக்கென்று தனியாகக் கூலி கொடுக்க முன்வர வேண்டும். ஆனால் கியாரண்டி என்ற வாதம் நிற்காது. இந்த கம்ப்ரஸர்களை விற்பவர்கள் பலர், கசிவைச் சரிசெய்திருக்க வேண்டும், ரிலேயை மாற்றியிருக்க வேண்டும் என்பதை நிபந்தனையாகவே வைக்கிறார்கள். கசியும் வண்டியில் எரிந்துபோன கம்ப்ரஸரை அவர்கள் பிரித்துப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். அந்த கியாரண்டி தாளில் மட்டும்தான் இருக்கும்.

இரண்டாவது வாதம், ரிங் கிட் போட்டால் நிலைக்காது, ஆறு மாதத்தில் மறுபடி வரும் என்பது. நிலைக்காமல் போனவை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏன் நிலைக்கவில்லை? கோடு விழுந்த லைனரில் புது ரிங் போட்டிருப்பார்கள். அது அரத்தில் தேய்த்தது போலத் தேய்ந்திருக்கும். பழைய மணிகளை அப்படியே விட்டிருப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கசிவு அப்படியே இருந்திருக்கும். அந்தத் தோல்விகள் ரிங் கிட்டைக் குற்றவாளியாக்கவில்லை. என் வாதத்துக்கே சாட்சி சொல்கின்றன. மூன்றாவது வாதம் வயதைப் பற்றியது: பத்து வருடமான கம்ப்ரஸர் எப்படியும் போகத்தானே போகிறது, புதிது போட்டு நிம்மதியாக இருக்கலாமே? இருக்கலாம். ஆனால் கம்ப்ரஸருக்குப் பத்து வயதென்றால் பைகளுக்கும் அதே பத்து வயதுதான். வெயிலிலும் சேற்றிலும் ஓசோனிலும் கிடந்து, நாள் முழுக்க மடிந்து விரியும் ரப்பர், மறைவாக இருக்கும் இரும்பைவிட நீண்ட நாள் உழைத்திருக்கும் என்று நம்ப முகாந்திரம் இல்லை. வயதைக் காரணம் காட்டினால் முதலில் சோதிக்க வேண்டியது பைகளைத்தான்.

நான்காவதாக ஒரு தரப்பு, இந்தத் தலைவலியே வேண்டாம், எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் சுருள் வில் போட்டுவிடலாம் என்கிறது. கேடிலாக் வாங்கியவர்கள் செய்ததும் அதுதான். மிகப் பழைய வண்டிக்கு, உதிரி பாகமே கிடைக்காத நிலையில், அது நியாயமான முடிவு என்றே சொல்வேன். ஆனால் அதன் விலையையும் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். ஆள் ஏறினாலும் சாமான் ஏற்றினாலும் மட்டம் மாறாத குணம் போய்விடும். கரடுமுரடான இடத்தில் வண்டியை உயர்த்திக்கொள்ளும் வசதி போய்விடும். அந்த வண்டியின் ஷாக் அப்சார்பரும், வழுக்காமல் காக்கும் மின்னணு ஏற்பாடும் காற்றுப்பையை மனதில் வைத்து அமைக்கப்பட்டவை. வில் மாறினால் அந்தப் பொருத்தம் கெடும். இணைப்பு ஒன்றில் நுரை பொங்கியதற்காக முழு அமைப்பையும் பிடுங்கி எறிவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அப்படியென்றால் புது கம்ப்ரஸர் போடவே கூடாதா? போட வேண்டிய நேரங்கள் தெளிவாகவே இருக்கின்றன. மோட்டார் காயில் எரிந்திருந்தால், லைனரில் ஆழக் கோடு விழுந்திருந்தால், உடம்பு உப்புக்காற்றில் அரித்து விரிசல் விட்டிருந்தால் மாற்றத்தான் வேண்டும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றாலும் நான் தயங்கமாட்டேன். பல கார்களில் கம்ப்ரஸர் இருப்பது வண்டியின் அடியில். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் தேங்கிய தண்ணீர் எத்தனையோ கார்களின் கதவு வரை ஏறியது. சாக்கடை கலந்த தண்ணீர் புகுந்த மோட்டாரையும் டிரையரையும் காய வைத்து நம்புவது வீண். மாற்றும்போது முழுமையாக மாற்ற வேண்டும்: ரிலே, உள்ளிழுக்கும் ஃபில்டர், மணிமாவு போயிருந்தால் குழாய்களையும் வால்வு பிளாக்கையும் சுத்தம் செய்வது, கடைசியில் உயர அளவுகளைச் சரிபார்ப்பது. டிஸ்கவரி 3-இல் ஆரம்பத்தில் ஹிட்டாச்சி கம்ப்ரஸர் இருந்தது. பிறகு ஏஎம்கே வகைக்கு மாறினார்கள். பழைய வண்டியில் புது வகையைப் பொருத்தினால் மென்பொருளையும் மாற்ற வேண்டும். பெட்டியில் வந்ததை மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவரிடம் இந்த வண்டியைக் கொடுக்கக் கூடாது.

இந்த கம்ப்ரஸருக்குப் பல பத்தாயிரங்கள் கேட்கிறார்கள். சில வண்டிகளுக்கு லட்சத்தையும் தாண்டுகிறது. அவ்வளவு பணம் கொடுப்பவருக்கு, கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேட்கும் உரிமை இருக்கிறது. ஒரு ராத்திரியில் எந்த மூலை எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது? மோட்டார் ஓடும்போது கனெக்டரில் எத்தனை வோல்ட்? தனியாக மீட்டர் மாட்டினால் கம்ப்ரஸர் எவ்வளவு அழுத்தம் ஏற்றுகிறது? மூன்றுக்கும் விடை எண்ணாக வர வேண்டும். எண் சொல்பவர் வண்டியைப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். அவர் மாற்றச் சொன்னால் மாற்றலாம், கேட்ட கூலியையும் மனதாரக் கொடுக்கலாம். எண் இல்லாமல் விலைப்பட்டியலை மட்டும் நீட்டினால், வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். முதல் கேள்விக்கான விடையை நீங்களே வீட்டில் எடுக்க முடியும். இன்று ராத்திரி வண்டியை நிறுத்தியதும் சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எண்களை எழுதி வையுங்கள். காலையில் பக்கத்திலேயே இன்னும் நான்கு. அந்த எட்டு எண்களும் எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனால், பேச்சு கம்ப்ரஸரின் விலையில் தொடங்காது. எந்த மூலையில் எத்தனை மில்லிமீட்டர் என்பதில்தான் தொடங்கும்.